மீன்தொட்டித் தாவரங்களுக்கு ஒளியளிக்கும் கால ஒழுங்கு

வீட்டு முன்மண்டபத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்து, அதில் நீர்த்தாவரங்களை நட்டு, சிறு மீன்களை வளர்ப்போர் தொகை நம் நாட்டிற் பெருகி வருகின்றது. சிலர் அலங்காரத்திற்காக வளர்க்கின்றனர். வேறு சிலர் சில தொட்டிகளில் தாவரங்களைப் பெருக்கி, கட்டுக் கட்டாக விற்று வீட்டு வருமானத்திற்குத் துணை தேடுகின்றனர். இவ்விரு சாராரும் பெரும்பாலும் ஒரே முறைப்பாட்டையே கூறுவர்: "நட்ட மாதம் செடி செழித்தது, அடுத்த மாதம் இலையெல்லாம் பாசி படர்ந்தது, கண்ணாடி பச்சையாகிவிட்டது, செடியை எவரும் வாங்குவதில்லை."

இக்கேட்டிற்குக் காரணம் பல இருக்கலாம். எனினும் மிகப் பொதுவான காரணம் விளக்கை ஒழுங்கின்றி எரிப்பதேயாகும். காலையில் எழுந்தவுடன் விளக்கை ஏற்றி, இரவு படுக்கைக்குச் செல்லும்வரை எரியவிடுவோர் பலர். அது பதினாறு மணித்தியாலம் ஆகின்றது. மறுநாள் மறதியால் மாலை ஆறு மணிக்கே ஏற்றுவர். இவ்வாறு நாளுக்கொரு விதமாக ஒளி பெறும் தாவரம் நலிவடையும். எந்த ஒழுங்கின்மையையும் தாங்கவல்ல பாசியோ பெருகும். விளக்கை எப்பொழுது ஏற்றுவது, எப்பொழுது அணைப்பது, மாலையில் வீடு திரும்பியபின் தொட்டியைக் கண்டு களிக்கும் வாய்ப்பையும் இழவாதிருப்பது எங்ஙனம் என்பவற்றை இத்துண்டுப் பிரசுரம் விளக்குகின்றது.

1. தாவரம் ஒளியை எவ்வாறு பயன்படுத்துகின்றது?

தாவரங்கள் ஒளியின் துணைகொண்டு நீரையும் காபனீரொட்சைட்டையும் சேர்த்துத் தமக்கு வேண்டிய மாச்சத்தை ஆக்குகின்றன. இதுவே ஒளித்தொகுப்பாகும். இதன்போது ஒட்சிசன் வெளிவருகின்றது. நிலத்துப் பயிருக்குக் காற்றிலிருந்து காபனீரொட்சைட்டு இடையறாது கிடைக்கும். தொட்டித் தாவரத்தின் நிலை அதுவன்று. நீரிற் கரைந்துள்ள வாயுவையே அது நம்பியிருத்தல் வேண்டும். மீன்கள் வெளிவிடுவதும், அடிமண்ணிலுள்ள கழிவுகள் சிதையும்போது தோன்றுவதுமே அதற்குக் கிடைக்கும் பெரும்பங்கு.

ஆகவே, விளக்கை ஏற்றிய சில மணித்தியாலங்களில் நீரிலுள்ள காபனீரொட்சைட்டு பெரிதும் குறைந்துவிடும். அதன்பின் எவ்வளவு நேரம் விளக்கு எரியினும் பெரும்பாலான செடிகள் அதற்கேற்ப வளர்வதில்லை. உணவு இல்லாத அடுப்பில் விறகை எரிப்பது போன்றதே அது. ஆனால் பாசிகளுட் பல மிகக் குறைந்த காபனீரொட்சைட்டிலும் வளரும் ஆற்றலுடையவை. செடிக்குப் பயன்படாது எஞ்சிய ஒளி பாசிக்கு விருந்தாகின்றது. நீண்ட நேரம் விளக்கெரிப்பதன் தீங்கு இங்கேயே தொடங்குகின்றது.

இன்னுமோர் உண்மையையும் அறிதல் வேண்டும். ஒளியின் வலிமையும் ஒளி பெறும் நேரமும் ஒன்றுக்கொன்று முற்றாக ஈடாகா. ஒவ்வொரு தாவரத்துக்கும் ஒரு குறைந்தபட்ச ஒளி உண்டு. அதற்குக் கீழ்ப்பட்ட மங்கிய ஒளியில், அது சுவாசித்தலில் இழப்பதைத் திரும்ப ஈட்டமாட்டாது. அத்தகைய விளக்கை இரட்டிப்பு நேரம் எரித்தாலும் செடி தேறாது. விளக்கு போதாதெனின் விளக்கை மாற்றுக; நேரத்தைக் கூட்டற்க.

2. இருள் ஏன் வேண்டும்?

ஒளித்தொகுப்பு ஒளியுள்ள போதே நிகழும். சுவாசித்தலோ இரவும் பகலும் நிகழும். இரவில் தாவரங்களும் மீன்களும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் ஒட்சிசனை எடுத்துக் காபனீரொட்சைட்டை வெளிவிடுகின்றன. பகலிற் செலவான வாயு இவ்வாறு இரவில் மீண்டும் நீரிற் சேருகின்றது. மறுநாள் ஒளித்தொகுப்புக்கு வேண்டிய மூலப்பொருள் இருளிலேயே சேமிக்கப்படுகின்றது எனக் கொள்க.

மீன்களுக்கும் இருள் இன்றியமையாதது. மீனுக்குக் கண்ணிமை இல்லை. ஒளி எரியும்வரை அது நன்கு ஓய்வதில்லை. இரவு பகலாக ஒளியில் இருக்கும் மீன்கள் சோர்வடைந்து நோய்வாய்ப்படும். ஆகையால் ஒவ்வொரு நாளும் பத்து மணித்தியாலத்துக்குக் குறையாத தொடர்ச்சியான இருள் தொட்டிக்குக் கிடைத்தல் வேண்டும்.

செடியும் மீனும் மிக நெருக்கமாக உள்ள தொட்டியில், விடியற்காலையில் மீன்கள் நீர்ப்பரப்பிற்கு வந்து வாய்திறந்து மூச்சுவாங்குவதைக் காணலாம். இரவு முழுவதும் ஒட்சிசன் செலவாகி, விடியும் வேளையில் அது மிகக் குறைந்த நிலையை அடைவதே இதற்குக் காரணம். இதனைக் கண்டு இரவிலும் விளக்கெரிப்போர் உளர். அது தவறான பரிகாரம். மீன்களின் தொகையைக் குறைத்து, இரவிற் காற்றுப் பம்பியை இயங்கவிடுதலே தகுந்த வழியாகும்.

3. நாளொன்றுக்கு எத்தனை மணித்தியாலம்?

நம் நாடு மத்தியகோட்டிற்கு அண்மையில் இருப்பதால் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழப் பன்னிரண்டு மணித்தியாலம் நீடிக்கின்றது. அங்ஙனமாயின் தொட்டிக்கும் பன்னிரண்டு மணித்தியாலம் வேண்டாவோ எனச் சிலர் கேட்பர். வேண்டியதில்லை. இயற்கையில் காலை வெயிலும் மாலை வெயிலும் சாய்ந்து விழுவதால் அவற்றின் பெரும்பகுதி நீர்ப்பரப்பிற் பட்டுத் தெறித்துவிடும். ஓடைக்கரை மரங்களின் நிழலும் ஒளியைக் குறைக்கும். தொட்டி விளக்கோ ஏற்றிய கணத்திலிருந்து அணைக்கும் கணம்வரை ஒரே வலிமையுடன் எரிகின்றது. எனவே பின்வரும் அளவுகள் போதுமானவை:

(அ) புதிதாக நட்ட தொட்டி, முதல் நான்கு வாரம்: நாளொன்றுக்கு 6 மணித்தியாலம். வேர் பிடிக்காத செடி மிகுந்த ஒளியைப் பயன்படுத்தமாட்டாது.

(ஆ) வேரூன்றிப் புதிய இலைவிட்ட தொட்டி: 8 மணித்தியாலம். வாரத்துக்கு அரை மணித்தியாலம் வீதம் கூட்டி இந்நிலையை அடைக.

(இ) செடி அடர்ந்து, பாசியின்றிப் பல மாதம் நிலைத்த தொட்டி: 8 முதல் 10 மணித்தியாலம் வரை.

(ஈ) செடியில்லாது மீன் மாத்திரம் உள்ள தொட்டி: பார்க்கும் நேரத்திற்கு மாத்திரம் ஏற்றினாற் போதும்.

பத்து மணித்தியாலத்திற்கு மேற்படுவதால் நன்மை அரிது. எட்டு மணித்தியாலத்திற் செடி வளரவில்லையெனின் குறை நேரத்தில் இல்லை. விளக்கிலோ, மண்ணிலோ, போசணையிலோ இருக்கும்.

4. மாலையிற் பார்ப்பதற்கேற்ற ஒழுங்கு

பலர் செய்யும் தவறு யாதெனில், சூரியன் எழும்போது தொட்டி விளக்கும் எரிய வேண்டும் என எண்ணுவதாகும். செடிக்கு வேண்டியது குறித்த அளவு ஒளியும், அதன்பின் குறித்த அளவு இருளுமேயன்றி, கடிகாரத்திற் காலை ஆறு மணி அன்று. தொட்டியின் 'பகல்' எப்பொழுது தொடங்க வேண்டும் என்பதை வளர்ப்பவரே தீர்மானிக்கலாம்.

காலை ஏழு மணிக்கு வேலைக்குச் சென்று மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பும் ஒருவர் காலை ஆறு மணிக்கு விளக்கை ஏற்றுகின்றார் எனக் கொள்வோம். எட்டு மணித்தியாலம் பிற்பகல் இரண்டு மணிக்கே முடிந்துவிடும். மாலையில் அவர் தொட்டியைப் பார்க்க விரும்பி மீண்டும் ஏற்றினால், மேலும் நான்கு மணித்தியாலம் சேர்ந்து பன்னிரண்டு ஆகின்றது. ஒரு மாதத்திற் பாசி படரும். இதனைத் தவிர்க்க இரு வழிகள் உண்டு.

முதலாவது முறை: தொடர் ஒளி. பிற்பகல் 2 மணிக்கு ஏற்றி இரவு 10 மணிக்கு அணைத்தல். குடும்பத்தவர் யாவரும் வீட்டிலிருக்கும் ஆறு மணி முதல் பத்து மணி வரையுள்ள வேளை முற்றாக இதனுள் அடங்கும். பதினொரு மணிவரை விழித்திருப்போர் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கலாம். இம்முறையில் மேலுமோர் நயம் உண்டு. ஒளி ஏற்றிப் பல மணித்தியாலம் சென்றபின் நீர் ஒட்சிசனால் நிறைந்து, நலமுள்ள செடிகளின் இலைகளில் முத்துப்போன்ற குமிழ்கள் அரும்புவதுண்டு. அக்காட்சி மாலை வேளையிலேயே கிட்டும்.

இரண்டாவது முறை: இடைவேளையுடன் ஒளி. முற்பகல் 10 மணி முதல் 1 மணி வரை எரித்து, நான்கு மணித்தியாலம் அணைத்து, மாலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை மீண்டும் எரித்தல். மொத்தம் எட்டு மணித்தியாலமே. நண்பகல் இடைவேளையில் மீன்களும் மண்ணும் வெளிவிடும் காபனீரொட்சைட்டு நீரில் மீண்டும் ஓரளவு சேருவதால், மாலை ஒளியைச் செடி நன்கு பயன்படுத்தும். வாயுவைத் தனியாகச் செலுத்தாத சாதாரண தொட்டிகளுக்கு இது ஏற்றது. பகலில் வீட்டிலிருக்கும் முதியோரும் சிறுவரும் முற்பகலிலும் தொட்டியைக் காணலாம்.

உருளையிலிருந்து காபனீரொட்சைட்டைச் செலுத்துவோர் முதலாவது முறையையே கைக்கொள்க. விளக்கு ஏற்றுவதற்கு ஒன்று அல்லது இரண்டு மணித்தியாலம் முன்னர் வாயுவைத் திறந்து, விளக்கு அணைவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னர் மூடுக. இரவில் வாயு செல்லவிடுதல் மீன்களுக்கு ஆபத்தானது.

எம்முறையைத் தெரிந்தாலும் அதனை நாள்தோறும் மாறாது கடைப்பிடித்தலே முதன்மையானது. பழைய ஒழுங்கிலிருந்து புதிய ஒழுங்கிற்கு ஒரே நாளில் தாவற்க. நாளுக்கு அரை மணித்தியாலமாக நகர்த்துக. விருந்தினர் வந்த ஓர் இரவில் சற்றுக் கூடுதலாக எரிந்தால் தீங்கில்லை, அதுவே வழக்கமாகிவிடலாகாது.

நீருள் வளரும் சில தண்டுச் செடிகள், சிறப்பாக இலிம்னோபிலா இனத்தவை, விளக்கு அணைவதற்கு முன்னரே நுனி இலைகளைக் குவித்துக்கொள்ளும். இது நோயன்று. செடி தன் நாளொழுங்கைப் பழகிக்கொண்டது என்பதற்கு அடையாளம். பார்க்கும் ஆவலால் மேலும் எரியவிட வேண்டாம்.

5. ஏற்றும்போதும் அணைக்கும்போதும் கவனிக்க வேண்டியவை

இருண்ட அறையில் தொட்டி விளக்கைத் திடீரென ஏற்றினால் மீன்கள் மருண்டு கண்ணாடியில் மோதும். சில துள்ளி வெளியே விழும். இரவில் முதலில் தொட்டி விளக்கை அணைத்து, கால் மணித்தியாலம் சென்றபின் அறை விளக்கை அணைக்க. பிற்பகலில் ஏற்றும் முறையில் அறையில் ஏற்கெனவே பகல் வெளிச்சம் இருப்பதால் இவ்வச்சம் இல்லை.

காலை உணவை விளக்கு எரியாத வேளையிலும் அறை வெளிச்சத்தில் சிறிதளவு இடலாம். ஆயினும் விளக்கு ஏற்றி அரை மணித்தியாலத்தின் பின் இடுதலே சிறந்தது. அப்பொழுது மீன்கள் சுறுசுறுப்பாக உண்ணும். உணவு எஞ்சி அழுகாது. அடியில் வாழும் இரவுலாவி மீன்களுக்கு விளக்கு அணைத்தபின் உணவிடுக.

6. நேர ஆளியும் மின்வெட்டும்

கையால் ஏற்றி அணைப்போர் எவ்வளவு கவனமுள்ளவராயினும் வாரத்தில் ஓரிரு நாள் தவறுவர். கடைகளில் 'டைமர்' எனக் கேட்டால் கிடைக்கும் நேர ஆளியைப் பொருத்துவதே நம்பத்தக்க வழி. சுழலும் வட்டமுள்ள எளிய ஆளியில், ஓரத்திலுள்ள ஒவ்வொரு முளையும் வழக்கமாகக் கால் மணித்தியாலத்தைக் குறிக்கும். எட்டு மணித்தியாலத்துக்கு 32 முளைகளை அழுத்துதல் வேண்டும். இடைவேளை முறைக்கு 12 முளைகளும், 16 முளைகள் விட்டு, மேலும் 20 முளைகளுமாகும்.

இவ்வகை ஆளியில் ஒரு குறையுண்டு. மின் நின்றால் வட்டமும் நின்றுவிடும். மூன்று மணித்தியால மின்வெட்டின் பின் அது மூன்று மணித்தியாலம் பின்தங்கியே ஓடும். இரவு பத்து மணிக்கு அணைய வேண்டிய விளக்கு நள்ளிரவு ஒரு மணிக்கே அணையும். 2022ஆம் ஆண்டில் நீண்ட மின்வெட்டுக்கள் நிகழ்ந்த காலத்தில் இதனை அறியாதோரின் தொட்டிகளில் பகல் இரவாகவும் இரவு பகலாகவும் மாறியிருக்கும். எனவே மின் வந்தவுடன் வட்டத்தைத் திருப்பிச் சரியான நேரத்திற்கு வைக்க. உள்ளே மின்கலமுள்ள இலக்க நேர ஆளிக்கு இத்தொல்லை இல்லை.

மின்வெட்டினால் ஒருநாள் ஒளி குறைந்துவிட்டதே எனக் கலங்க வேண்டாம். அதனை ஈடுசெய்ய மறுநாள் கூடுதலாக எரிக்கவும் வேண்டாம். நலமுள்ள செடி ஓரிரு நாள் ஒளியின்றியும் தாங்கும். கவனிக்க வேண்டியது காற்றுப் பம்பி நிற்பதையே. மின்கலத்தில் இயங்கும் சிறு பம்பி ஒன்றை வைத்திருப்பது நன்று. இல்லையேல் ஒரு கோப்பையால் தொட்டி நீரையே அள்ளி உயர இருந்து மீண்டும் வார்த்துக் காற்றூட்டுக.

7. யன்னல் வெயில்

யன்னலோரம் வைத்த தொட்டிக்கு வெயில் நேரே பட்டால் நீங்கள் வகுத்த ஒழுங்கு பயனற்றதாகும். விளக்கு எட்டு மணித்தியாலமும் வெயில் மூன்று மணித்தியாலமும் எனில் தொட்டி பெறுவது பதினொரு மணித்தியால ஒளி. அதனுடன் நீரும் சூடேறும். சூடேறிய நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். ஆகவே நேர் வெயில் படாத சுவரோரம் தொட்டியை வைக்க. இடம் மாற்ற இயலாதாயின் வெயில் படும் பக்கத்தில் திரையிடுக.

8. நம் நாட்டுச் செடிகள்

உலகெங்கும் மீன்தொட்டிகளில் விரும்பி நடப்படும் கிரிப்டோகொரைன் செடிகளுட் பல நம் நாட்டிற்கே உரியவை. அவற்றுட் புகழ்பெற்ற கிரிப்டோகொரைன் வெண்டியை என்னும் இனத்தை ஒல்லாந்துத் தாவரவியலறிஞர் டி விற் 1958ஆம் ஆண்டில் விபரித்துப் பெயரிட்டார். இவை ஈரவலயக் காடுகளின் நிழல் படர்ந்த ஓடைகளில் வளர்பவை. ஆதலால் மிதமான ஒளியில் எட்டு மணித்தியாலம் இவற்றிற்குத் தாராளம்.

இச்செடிகளுக்கு ஒரு குணமுண்டு. ஒளியையோ நீரையோ திடீரென மாற்றினால் சில நாட்களில் இலைகள் கண்ணாடிபோலாகி அழுகி விழும். புதிதாக வளர்ப்போர் செடி இறந்ததென எண்ணிப் பிடுங்கி எறிவர். அவ்வாறு செய்யற்க. அழுகிய இலைகளை மாத்திரம் அகற்றி, வேரை அசையாது விட்டு, ஒளி ஒழுங்கை மாற்றாது இருந்தால் சில வாரங்களில் புதுத் தளிர் தோன்றும்.

இவ்வினங்கள் பலவற்றின் இயற்கை வாழிடம் சுருங்கி வருகின்றது. ஓடைகளிலிருந்து பிடுங்குதல் தகாது. நாற்றுமேடையிற் பெருக்கியவற்றையே வாங்குக.

9. பாசி தோன்றின் செய்ய வேண்டியவை

புதிய தொட்டியில் முதல் வாரங்களில் கபிலநிறத் தூள்போன்ற படலம் தோன்றுவது இயல்பு. துடைத்துவிடுக, பெரும்பாலும் தானே மறையும். பச்சை இழைப்பாசி தோன்றினால் ஒளியை 6 மணித்தியாலமாகக் குறைத்து, இழைகளைக் கையால் அகற்றி, வாரந்தோறும் நீரின் மூன்றிலொரு பங்கை மாற்றுக, மீனுணவையும் குறைக்க.

நீர் முழுவதும் பச்சையானால், அல்லது நீலப்பச்சைப் படலம் செடிகளை மூடினால், மூன்று நாள் முழு இருட்டில் வைத்தல் பயன்தரும். முதலில் படலத்தை உறிஞ்சி அகற்றி நீர் மாற்றுக. பின்னர் விளக்கை அணைத்துத் தொட்டியைத் தடித்த துணியால் மூடுக. காற்றுப் பம்பி இடையறாது இயங்குதல் வேண்டும், உணவிட வேண்டாம். மூன்றாம் நாள் முடிவில் துணியை அகற்றி மீண்டும் பெருமளவு நீர் மாற்றுக. இறந்த பாசி நீரில் அழுகினால் மீன் இறக்கும். அதன்பின் 6 மணித்தியாலத்திலிருந்து தொடங்குக. பழைய பதினாறு மணித்தியாலத்திற்குத் திரும்புவோர்க்கு இப்பரிகாரத்தால் நிலையான பயன் இல்லை.

10. செலவும் பாதுகாப்பும்

20 உவாற்று விளக்கு நாளொன்றுக்கு 16 மணித்தியாலம் எரிந்தால் முப்பது நாளில் 9.6 அலகு மின் செலவாகும். 8 மணித்தியாலம் எரிந்தால் 4.8 அலகே. பல தொட்டிகளில் செடி பெருக்குவோர்க்கு இவ்வேறுபாடு இலாபத்தையே தீர்மானிக்கும்.

மின்செருகியையும் நேர ஆளியையும் தொட்டிக்கு மேலேயோ நேர் கீழேயோ வைக்க வேண்டாம். மின் வடம் செருகியை அடையுமுன் ஒரு முறை கீழே தொங்கி மேலெழுமாறு விடுக. வழியும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். தொட்டியினுள் கையிடுமுன் மின்னிணைப்பை நீக்குக.

நினைவிற் கொள்ள வேண்டியவை

புதுத் தொட்டிக்கு 6 மணித்தியாலம், வேரூன்றியபின் 8. பத்திற்கு மேல் வேண்டாம்.

மாலையிற் பார்க்க விரும்பின் நேரத்தைக் கூட்டாது, தொடங்கும் வேளையைப் பிந்துக.

இரவில் பத்து மணித்தியாலத்துக்குக் குறையாத இருள் இருத்தல் வேண்டும்.

நாள்தோறும் ஒரே நேரம். நேர ஆளியைப் பொருத்துக. மின்வெட்டின் பின் அதனைச் சரிபார்க்க.

ஒரு மாற்றத்தைச் செய்தபின் இரண்டு வாரம் பொறுத்துப் பயனை அவதானிக்க. ஏற்றிய நேரம், அணைத்த நேரம், புதுத் தளிர், பாசி ஆகியவற்றை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வருக. இரண்டு மாதக் குறிப்பு உங்கள் தொட்டிக்குரிய ஒழுங்கைத் தானே காட்டித் தரும். ஐயமுளதாயின் அக்குறிப்புடன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.